பம்பூஃப்ளாட் வளைவில் எடுத்த படச்சுருள்

கண்ணால் பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்திடுகிறவன் உண்மையில் எவ்வளவு பார்த்திருக்க வேண்டும்? பொருளாதாரத்தில் பட்டம் பெற்று, போர்ட் பிளேரில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்த எனக்கு அந்தக் கேள்வி அதுவரை தோன்றியதில்லை. எத்தனையோ அறிக்கைகளில் கையெழுத்திட்டிருந்தேன். ஒரு ஜீப் கவிழ்ந்த பிறகு, அதை ஓட்டியவரின் மனைவி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றபோதுதான் அது என்னைப் பிடித்துக்கொண்டது. அப்போது அந்த ஓட்டுநரின் உரிமமும் வேலையும், வேலையோடு கிடைத்திருந்த குடியிருப்பும் என் ஒரு கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

எழுபதுகளின் தொடக்கம் அது. மதராஸிலிருந்து ஒரு படக்குழு கப்பலில் வந்து இறங்கியது. திரும்பும் கப்பலுக்குள் எல்லாவற்றையும் எடுத்து முடித்தாக வேண்டும் என்ற அவசரம் அவர்களுக்கு. கதாநாயகன் மலைச்சாலை வழியே ஜீப்பில் தப்பி வந்து, உடைந்த மதகு ஒன்றைத் தாண்டிப் பறக்கிற காட்சி அவர்கள் பட்டியலில் இருந்தது. அதற்காகச் சாத்தம் ஜெட்டியில் பெர்ரிப் படகு ஏறி அக்கரைக்குப் போய், பம்பூஃப்ளாட்டுக்கு அப்பால் மரலாரிகள் இறங்கும் பழைய சாலை ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அனுமதிக் கடிதம் எங்கள் அலுவலகத்திலிருந்து போனது. மரம் வெட்டக் கூடாது, துறைமுகத்தைப் படம் எடுக்கக் கூடாது என்ற வழக்கமான நிபந்தனைகளோடு, கூலியாட்களின் பாதுகாப்புக்குக் குழுவே பொறுப்பு என்றொரு வரியை நானாகச் சேர்த்திருந்தேன். அந்த வரியைப் பற்றி எனக்குச் சற்றுப் பெருமை இருந்தது. என் மேலதிகாரி அதைக் கவனித்துவிட்டு, நான் எழுதிய நிபந்தனையை நானே போய்க் கண்காணிக்கும்படி மூன்று நாட்களுக்கு என்னை அங்கே அனுப்பினார்.

கேமரா என்னுடையதன்று. அபர்தீன் பஜாரில் துணிக்கடை வைத்திருந்த காயல்பட்டினத்து பாய் ஒருவர் எனக்குப் பழக்கம். அவருடைய மைத்துனர் பினாங்கிலிருந்து ஒரு எட்டு மில்லிமீட்டர் கேமராவும் அதற்கான புரொஜெக்டரும் கொடுத்தனுப்பியிருந்தார். நான் படப்பிடிப்புக்குப் போகிறேன் என்று கேள்விப்பட்டதும் பாய் அதை எடுத்து என் கையில் வைத்தார்.

"சினிமா எடுக்குறத நீங்க சினிமா எடுத்துட்டு வாங்க தம்பி. ஹீரோ மூஞ்சி எனக்கு வேணாம், அதத் தியேட்டர்ல பாத்துக்கலாம். அந்த ஜீப்ப எப்படிப் பறக்க விடுறாங்க, அதுல என்ன தில்லுமுல்லு பண்றாங்க, அது மட்டும் தெரிஞ்சாப் போதும்."

சாவி கொடுத்தால் அரை நிமிடம் ஓடக்கூடிய கேமரா அது. ஒரு சுருளில் நான்கு நிமிடம் எடுக்கலாம்; இரண்டு நிமிடம் ஆனதும் நிழலில் வைத்துச் சுருளைத் திருப்பிப் போட வேண்டும். முதல் பக்கத்தை ஒத்திகை நாளில் முடித்தேன். சாத்தம் மில்லிலிருந்து கொண்டுவந்த மரத்தூள் மூட்டைகளை மதகுக்கு அப்பால் அடுக்குவது, படாக் மரப் பலகைகளை ஆணியடித்து ஜீப் ஏறிப் பறப்பதற்கான சாய்வு கட்டுவது, இயக்குநர் குடையின் கீழ் நின்று தூரத்தைக் காலடியால் அளப்பது ஆகியவை அதில் இருந்தன.

ஜீப்பை ஓட்டுவதற்கென்று மதராஸிலிருந்து வந்த ஸ்டண்ட் ஆள், கப்பலிலேயே வாந்தியெடுத்துத் துவண்டு, இறங்கியதும் காய்ச்சலில் படுத்துவிட்டார். அவருக்குப் பதிலாக ஒரு மரலாரி ஓட்டுநர் வந்தார். இராமநாதபுரத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். மரக்கிடங்கில் பதினொரு ஆண்டுகளாக அரசு லாரி ஓட்டியவர். மூன்று நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். கதாநாயகனைப் போலத் தெரிவதற்காக அவருக்கு விக்கும் கறுப்புக் கண்ணாடியும் சிவப்புச் சட்டையும் மாட்டிவிட்டார்கள். ஒத்திகை பார்க்க வந்திருந்த அவருடைய மனைவி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"தூரத்துல வண்டி மட்டுந்தான் தெரியுமாம். மூஞ்சியே தெரியாத ஆளுக்கு எதுக்குங்க விக்கு?"

"ஏய், ராமநாதபுரம் தியேட்டர்ல உன் அண்ணன் படம் பாக்குறப்போ, மச்சான் ஓட்டுறாருன்னு அவனுக்குத் தெரியும்ல."

"அவனுக்கு எப்படித் தெரியும்? நான் லெட்டர் போட்டாத்தான் தெரியும். போடுறனா பாருங்க."

அந்தச் சாலையைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மேலே லாரி புறப்படும் இடத்திலிருந்து நேராக ஒரு சரிவு. அதன் முடிவில் கண்ணுக்கு மறைவான வளைவு. வளைவைத் தாண்டிய பிறகுதான் மதகு. பாரம் ஏற்றிய லாரியைச் சரிவின் நடுவே நிறுத்த முடியாது. அதனால் வளைவின் வெளிப்புறத்தில் உள்ள சிறிய மேட்டில் கிளீனர் ஒருவர் நிற்பார். கீழே பாதை காலி என்றால் அவர் தோளிலிருந்த துண்டைத் தலைக்கு மேலே தூக்கி இறக்குவார். அந்தத் துண்டைப் பார்த்துத்தான் மேலே ஓட்டுநர் பிரேக்கை விடுவார். ஹாரன் என்ஜின் சத்தத்தில் கேட்காது. கத்தினாலும் எந்தப் பாஷையில் கத்துவது என்ற சிக்கல் வேறு. வங்காளிக்கும் தெலுங்கருக்கும் ராஞ்சிக்காரருக்கும் தமிழருக்கும் பொதுவாக அந்தத் துண்டு இருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தீவின் உழைப்பாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று குறிப்பேட்டில் இதைக் குறித்துக்கூட வைத்திருந்தேன்.

படக்குழுவின் முறை வேறு. உதவி இயக்குநர் ஒருவர் பச்சைக் கொடியோடு வளைவின் உட்புறம் நிற்பார். கொடி உயர்ந்தால் ஜீப் புறப்பட வேண்டும். ஒத்திகையில் அது சரியாகவே நடந்தது.

மறுநாள் காலை ஏழு மணி. வெயில் அதற்குள் ஏறிவிட்டிருந்தது. நான் இருப்பதிலேயே நல்ல இடம் எது என்று தேடி, வளைவின் வெளிப்புற மேட்டில் ஏறி நின்றேன். அங்கிருந்து மதகும் பலகைச் சாய்வும் உதவி இயக்குநரும் ஒரே சட்டத்துக்குள் வந்தார்கள். வெயில் என் முதுகுப்பக்கம் இருந்ததால் எதிரே எல்லாம் துலக்கமாகத் தெரிந்தது. கீழே பலகை ஒன்று ஆட்டம் கண்டிருப்பதாக இயக்குநர் சொல்ல, ராஞ்சிக்காரக் கூலியாட்கள் இருவர் சாய்வின் மேல் குந்தி ஆணி அறைந்துகொண்டிருந்தார்கள். நான் கேமராவுக்குச் சாவி கொடுத்து, ஒரு கண்ணை மூடி, ஓட ஓட எடுத்தேன். அவர்கள் சுத்தியலை ஓங்குவது நன்றாக விழும் என்று நினைத்தது நினைவிருக்கிறது.

பின்னால் ஜீப்பின் சத்தம் கேட்டது. என்ஜினைச் சூடுபடுத்துகிறார்கள் என்றுதான் நினைத்தேன். சத்தம் பெருத்தது. உதவி இயக்குநர் திரும்பிப் பார்த்து இரண்டு கைகளையும் விரித்தார். ஜீப் என் பக்கத்தில் வளைவைச் சுற்றி, மதகை நோக்கி முழு வேகத்தில் இறங்கியது. சாய்வின் மேல் ஆட்களைக் கண்டதும் ஓட்டுநர் ஸ்டியரிங்கை ஒடித்தார். வண்டி கரையில் மோதிப் பக்கவாட்டில் புரண்டது. ராஞ்சிக்காரர்களில் ஒருவர் குதித்துத் தப்பினார். மற்றவரின் கால் பெயர்ந்து வந்த பலகைக்கும் ஜீப்பின் பின்பகுதிக்கும் நடுவில் சிக்கியது.

வண்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். கழுத்துப் பட்டையில் கேமரா தொங்கிக்கொண்டு கல்லில் மோதியதை நான் கவனிக்கவே இல்லை. ராஞ்சிக்காரரின் முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடங்களில் முறிந்திருந்தது. ஓட்டுநருக்குத் தோளெலும்பு. பெர்ரியில் இருவரையும் பக்கத்துப் பக்கத்தில் படுக்க வைத்து இக்கரைக்குக் கொண்டுவந்தோம். விக் அப்போதும் ஓட்டுநரின் தலையில் ஒருபுறம் சரிந்து கிடந்தது. அதைக் கழற்ற வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. கரை சேரும்வரை அவர் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"துண்டு எழும்புச்சு. நான் பாத்தேன். துண்டு எழும்பாம நான் வண்டிய விடல."

நான்கு நாட்களில் கப்பல் வந்தது. படக்குழு போவதற்கு முன் எழுத்துமூலம் வாக்குமூலம் கொடுத்துவிட்டுப் போனது: கொடி உயர்த்தப்படவில்லை, ஓட்டுநர் தானாகவே வண்டியை எடுத்துவிட்டார். அவர்களுடைய பெரிய கேமரா அப்போது ஓடவில்லை. காட்சி தொடங்காமல் அவர்கள் பிலிமை ஓடவிட மாட்டார்கள். ஆக, அந்தக் கணத்தில் ஓடிக்கொண்டிருந்தது என் கையிலிருந்தது மட்டுமே.

ஓட்டுநரின் உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பணியிடை நீக்கம் செய்து, துறை விசாரணை வைத்தார்கள். விசாரணை அதிகாரி வங்காளத்துக்காரர், கண்டிப்பானவர், எதையும் இரண்டு முறை கேட்பவர். படக்குழுவினர் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளவே பேசுவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் இரு தரப்பையும் சேராத, படித்த, அரசாங்கமே அனுப்பிய சாட்சியான என்னிடம் வந்தார்.

கொடி அசைந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். வேறு எவராவது துண்டோ துணியோ தூக்கினார்களா என்று கேட்டார். நான் கண்ணை மூடி அந்தக் காட்சியை மீண்டும் பார்த்தேன். சாய்வு, சுத்தியல், கொடியைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்ற உதவி இயக்குநர். இல்லை என்றேன். எழுதிக் கையெழுத்தும் போட்டேன். ஆட்கள் வேலை செய்யும்போதே வண்டியைத் தயார் நிலையில் வைத்தது குழுவின் குற்றம், அதற்கு என் படச்சுருளே ஆதாரம், கழுவி வந்ததும் தருகிறேன் என்றும் சொன்னேன். நியாயமாக நடந்துகொண்டதாகவே நம்பினேன்.

ஓட்டுநர் கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார். என் பதிலைக் கேட்டதும் அதிகாரியைப் பார்க்காமல் என்னிடமே பேசினார்.

"பாபு, கொடி எனக்குத் தெரியவே இல்ல. வெளிச்சம் அடிக்கிற தகரத்தக் கொண்டாந்து கொடி புடிக்கிற ஆளு முன்னாடி நட்டுட்டானுங்க. வண்டிக் கண்ணாடியெல்லாம் சேறு பூசி வச்சிருந்தானுங்க, சண்டை வண்டி மாதிரி தெரியணுமாம். மூஞ்சில வேற கறுப்புக் கண்ணாடி. ஆனா மேட்டுல ஒரு ஆளு நின்னாரு. வெள்ளைத் துணி எழும்பி இறங்குச்சு. பதினோரு வருஷமா அந்த மேட்டப் பாத்துத்தான் வண்டி விட்டிருக்கேன்."

"மேட்டில் நின்றது நான்" என்றேன். "என் கையில் கேமரா இருந்தது."

"நீங்களா இருந்தா நீங்கதான். எனக்கு ஆள் தெரியல. துணிதான் தெரிஞ்சுது."

அன்று என் தோளில் துண்டு இருந்ததா என்று அதிகாரி கேட்கவில்லை. இருந்தது. தீவில் வெயிலில் போகிற எவன் தோளில் இல்லை? அதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. தூக்கியிருந்தால் எனக்குத் தெரியாமலா போகும்?

விசாரணை அதிகாரி படச்சுருளுக்காக இரண்டு கப்பல் வரை பொறுப்பதாகச் சொன்னார். தீவில் காலக்கெடு அப்படித்தான் சொல்லப்படும். சுருள் பம்பாய்க்குப் போய்க் கழுவப்பட்டுத் திரும்ப வேண்டும். போவதும் வருவதும் கடல் வழி. இரண்டாவது கப்பலின் தபாலில் அது வராவிட்டால் என் வாக்குமூலத்தை வைத்துக்கொண்டு கோப்பை முடித்துவிடுவார். முடிந்தால் உரிமம் ரத்து, வேலை நீக்கம். கராச்சர்மாவில் ஓட்டுநர் மூன்று குழந்தைகளோடு இருந்த குடியிருப்பைக் காலி செய்துவிட்டுக் கப்பல் ஏற வேண்டியதுதான். மெயின்லேண்டில் அவருக்கு நிலமோ வேலையோ கிடையாது.

முதல் கப்பல் வந்தது. எனக்குத் தபால் இல்லை. அதற்கடுத்த நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓட்டுநரின் மனைவி அலுவலகத்துக்கு வந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"சார், அந்தாளு பொய் சொல்ல மாட்டாருன்னு சொல்ல வரல. சொல்லுவாரு. லேட்டா வந்ததுக்கு ஒரு பொய், சீட்டாடினதுக்கு ஒரு பொய், வாரத்துக்கு நாலு பொய் என்கிட்டயே சொல்லுவாரு. வண்டி விஷயத்துல மட்டும் சொல்ல மாட்டாரு."

"நான் பார்த்ததைத்தான் எழுதினேன்மா."

"துண்டு எழும்பலன்னு எழுதுனீங்களாம். எழும்பாததப் பாத்து இல்லைன்னீங்களா, பாக்காமயே இல்லைன்னீங்களா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. ரேஷன் கடையில் அளவு சரியா என்று விசாரிப்பதுபோலக் கேட்டார். படம் வந்ததும் எல்லாம் தெரிந்துவிடும் என்றேன்.

"படம் வராட்டி?"

அவர் போன பிறகு நான் அந்தக் கேமராவின் வ்யூபைண்டர் எவ்வளவு பெரியது என்று யோசித்தேன். விரல் நகத்தளவுக் கண்ணாடி. அதற்குள் கண்ணை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் தன்னைச் சுற்றி நடந்த எதற்கு 'இல்லை' சொல்ல முடியும்? கேமரா கல்லில் மோதியபோது மூடி நெகிழ்ந்து வெளிச்சம் உள்ளே போயிருந்தால் சுருளில் எதுவுமே இருக்காது என்ற பயமும் அன்றிலிருந்து சேர்ந்துகொண்டது.

இரண்டாவது கப்பலைக் கடலின் சீற்றம் தாமதப்படுத்தியது. நாளை, நாளை மறுநாள் என்று ஐந்து நாள் தள்ளிப்போனது. சாத்தம் ஜெட்டிக்குத் தினமும் மாலையில் போய் விசாரித்துவிட்டு வந்தேன். இதற்கிடையில் ராஞ்சிக்காரரை மருத்துவமனையில் பார்க்கப் போனபோது, மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டியபடி அவரும் அதையே கேட்டார், இந்தியில்: வண்டியை விடச் சொன்னது யார்? விசாரணை நடக்கிறது என்று அவருக்கும் சொன்னேன்.

பொட்டலம் ஒரு வியாழக்கிழமை வந்தது. மறுநாள் ஜும்ஆவுக்காகக் கடையை அடைத்திருந்த நேரம், தொழுகை முடித்து வந்த பாய், கதவுப் பலகைகளை முழுவதும் போட்டுவிட்டு உள்ளே இருட்டாக்கினார். மல் துணிப் பீஸ் ஒன்றைப் பிரித்து அலமாரியின் மேலிருந்து தொங்கவிட்டார். காற்று வர வழியில்லை. சட்டை முதுகில் ஒட்டியது.

முதல் இரண்டு நிமிடம் ஒத்திகை. பாய் ரசித்துப் பார்த்தார். "அடேயப்பா, மூட்டைக்குள்ள மரத்தூளா? இதுக்கா நாம தியேட்டர்ல கைதட்டுறோம்?" பிறகு ஒரு வெள்ளை ஒளி வந்து போனது, வெளிச்சம் அவ்வளவுதான் புகுந்திருந்தது. சாய்வு வந்தது. சுத்தியல்கள் ஓசையின்றி ஏறி இறங்கின. ஓரத்தில் உதவி இயக்குநர், கையில் தொங்கும் கொடி. கொடி உயரவே இல்லை.

சட்டத்தின் அடிப்பாகத்தில் வெளிறிய சாலையின் மேல் ஒரு நிழல் நீண்டு கிடந்தது. தலை, முகத்தில் எதையோ அழுத்திப் பிடித்த ஒரு கை, வெளியே துருத்திய முழங்கை. அந்த நிழலின் இன்னொரு கை தோளுக்குப் போயிற்று. ஒரு துணியை உருவி, தலைக்கு மேலே முழு நீளத்துக்கும் உயர்த்தி, விரித்து, தலையின் மேல் இறக்கிப் போட்டுக்கொண்டது. சில நொடிகளில் ஜீப் ஓரத்திலிருந்து உள்ளே பாய்ந்தது. பிறகு வானமும் புல்லும்.

"யாரு தம்பி அது, நிழல்ல?"

சுருளைப் பின்னோக்கிச் சுற்றி மறுபடி ஓட்டினேன். துணி உச்சியில் இருந்த இடத்தில் புரொஜெக்டரை நிறுத்தினேன், நன்றாகப் பார்ப்பதற்காக.

அந்த வகை புரொஜெக்டரில் படத்தை ஓட்டாமல் நிறுத்தினால் விளக்கின் சூடு பிலிமைத் தின்றுவிடும். பாய் முதலிலேயே என்னை எச்சரித்திருந்தார். மல் துணியில் என் நிழலின் கைக்குப் பக்கத்தில் பழுப்பாக ஒரு புள்ளி தோன்றி விரிந்தது. விசையைத் தட்டினால் ஓடிவிடும். என் விரல் அதன் மேல்தான் இருந்தது. தட்டவில்லை. நான் நினைத்தது என்னவென்று எழுதிவிடுகிறேன்: இது எரிந்துபோனால் என் முதல் வாக்குமூலம் பொய்யாகாது. வேண்டுமென்று செய்ததாக யாரும் சொல்ல முடியாது. வெளிச்சம் புகுந்து கெட்டுப்போன சுருள் என்று சொல்லிவிடலாம். புள்ளி ஓட்டையாகி, ஓரம் குமிழியிட்டது.

பாய் எழுந்து வந்து என் கையைத் தள்ளிவிட்டு விசையைத் தட்டினார். படம் ஓடியது.

"எரியுதுல்ல, பாக்கல நீங்க?" என்றார். சுருள் ஓடி முடிந்ததும், "நீங்கதானா அது?" என்றார்.

"ஆமாம்."

"அந்த டிரைவர் மனுஷனுக்கு எத்தன புள்ளைங்க?"

"மூணு."

அவர் மல் துணியை மடிக்கத் தொடங்கினார். மடித்து முடித்து, அதையும் சுருளையும் சேர்த்து என் கையில் கொடுத்தார். "ஆபீஸ்ல சுவர் பச்சையா இருக்கும். இத மாட்டிக் காட்டுங்க. புரொஜெக்டர நானே தூக்கிட்டு வர்றேன்."

அன்றைய மாலைக்குள் விசாரணை அதிகாரியின் அறையில் படம் ஓடியது. அவர் மூன்று முறை பார்த்தார். மூன்றாம் முறை ஓடும்போது, "யே சாயா கிஸ்கா ஹை, பாபு?" என்று திரையைக் காட்டி, அந்த நிழல் யாருடையது என்று கேட்டார். என்னுடையது என்றேன். நடுவில் இருந்த கருகலைப் பற்றிக் கேட்டார். பார்ப்பதற்காக நிறுத்தினேன், எரிந்துவிட்டது என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. துணி ஏறுவதும் இறங்குவதும் கருகலுக்கு முன்னும் பின்னும் முழுமையாக இருந்தன. என் பழைய வாக்குமூலத்தை என் முன் வைத்து, இதை என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார். தாள் கேட்டு வாங்கி, புதிதாக ஒன்றை எழுதினேன். முதல் வாக்குமூலத்தில் நான் கூறிய 'இல்லை' தவறு என்றும், வளைவின் மேட்டில் நின்று வெள்ளைத் துண்டைத் தலைக்கு மேல் உயர்த்தி இறக்கியது நானே என்றும், அந்தச் சாலையில் அதன் பொருள் எனக்கு முன்பே தெரியும் என்றும் எழுதினேன். கடைசிப் பகுதியை எழுதத் தேவையில்லை என்று அதிகாரி சொன்னார். அதைச் சேர்த்தால் எனக்கே கேடு என்பதும் தெரிந்தது. அது இல்லாமல் கடிதம் பாதி உண்மையாகத்தான் இருந்திருக்கும்.

மறுநாள் கராச்சர்மாவுக்குப் பஸ்ஸில் போனேன். ஓட்டுநர் வாசலில் உட்கார்ந்து, நல்ல கையால் முகம் வழித்துக்கொண்டிருந்தார். மனைவி கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"துண்டு தூக்கினது நான்தான்" என்றேன். "படத்துல தெரியுது. அதிகாரிகிட்ட எழுதிக் கொடுத்துட்டேன்."

பாதிக் கன்னத்தில் சோப்பு நுரையோடு அவர் என்னைப் பார்த்தார். "எதுக்குத் தூக்குனீங்க?"

"வெயிலுக்கு. தலையில போட்டுக்க."

"அப்ப அன்னைக்கு இல்லைன்னீங்க?"

"தெரியாமச் சொல்லிட்டேன்."

"கை உங்களுது. உங்களுக்குத் தெரியாம எப்படி பாபு எழும்பும்?" பிளேடைக் கிண்ணத்தில் போட்டார். "எங்க கிளீனர் பசங்க மூக்கு சிந்தணும்னாக்கூட அந்த மேட்ட விட்டு இறங்கி வந்துதான் துண்டத் தொடுவானுங்க. பத்தாவது கூடப் படிக்காத பசங்க."

"முதல்ல மிச்சத்த வழிங்க" என்றார் மனைவி. "பாதி மூஞ்சியோட சண்டை போட வேணாம். காஞ்சிரும்."

அவர் பிளேடை எடுத்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். வழித்து முடித்த பிறகு அவர், "அந்த ராஞ்சிக்காரனப் பாத்துச் சொன்னீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "என்கிட்ட வர்றதுக்கு முன்னாடி அங்க போயிருக்கணும்" என்றார். தேநீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு நேரே மருத்துவமனைக்குப் போனேன். ராஞ்சிக்காரர் நான் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து உத்தரவு வந்தது. ஓட்டுநருக்கு உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்; பணியிடை நீக்கக் காலத்தை விடுப்பாகக் கணக்கிட்டார்கள். விடுப்பில் வெளிவேலைக்குப் போனதற்காக எச்சரிக்கை மட்டும் கொடுத்தார்கள். தோள் கூடியதும் அவர் வடக்கே ரங்கத் பக்கம் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு, அங்கே மறுபடியும் மரலாரி ஓட்டினார். ராஞ்சிக்காரருக்குக் கிடங்கில் காவல் வேலை கிடைத்தது. பழையபடி நடக்க அவரால் முடியவில்லை. தவறான வாக்குமூலத்துக்காக எனக்கு ஓராண்டு ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டது. அதன் பின் வெளியார் குழுக்களுக்குப் போகும் ஒவ்வோர் அனுமதிக் கடிதத்திலும், அந்தச் சாலையில் வழக்கமாகச் சைகை காட்டும் ஆளே சைகை காட்ட வேண்டும், வேறெவரும் அந்த இடத்தில் நிற்கக் கூடாது, அரசு அனுப்பும் பார்வையாளர் கேமரா எடுத்துச் செல்லக் கூடாது என்ற நிபந்தனைகளை எங்கள் அலுவலகம் சேர்த்தது.